வாரா வாரம் பத்து நிமிடம், மென்பொருள் செய்தி, தமிழில். கையில் 8,000 ரூபாய்தான். நடக்குமா?

கொருக்குப்பேட்டை_கேட்

வணக்கம். நாங்கள் மூன்று பேர், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், மூன்று பேருக்கும் கம்ப்யூட்டர் கோடு (நிரல்) எழுதுவதுதான் பிழைப்பு. வாரத்துக்கு ஒரு வீடியோ போடலாம் என்று யோசனை. எந்த மொழியின் புதுப் பதிப்பு வந்தது, எந்த லைப்ரரியில் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ரெடிமேட் கோடு) பாதுகாப்பு ஓட்டை, யார் லைசென்ஸை மாற்றினார்கள், இதையெல்லாம் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்வது. புது போன் விமர்சனம், ஏஐ வந்தால் வேலை போகுமா வகையறா கிடையாது, அதற்கு நூறு சேனல் இருக்கிறது. எங்கள் ஏரியாவில் இன்ஜினியரிங் படிக்கிற பசங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாமல் இல்லை. இத்தனை செய்தியில் எதைக் கண்டுகொள்ள வேண்டும், எதை விடலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பணம் 8,000 ரூபாய். போன், லேப்டாப் இருக்கிறது. இடம் எங்கள் வீட்டு மொட்டை மாடி ரூம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. மூன்று எபிசோடு எடுத்துப் பார்த்தோம், ஒன்றையும் வெளியே விடவில்லை. முதலாவதில் பாதி நேரம் கூட்ஸ் வண்டி ஹாரன். இரண்டாவதில் ஆறாவது நிமிடத்துக்கு மேல் என் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், டப்பிங் படம் மாதிரி. மூன்றாவது நன்றாகவே வந்தது, ஆனால் எடிட் முடிக்க ஒன்பது மணி நேரம் ஆனது, முடித்து நிமிர்ந்தபோது செய்தி ஊசிப்போயிருந்தது.

செகண்ட் ஹேண்டில் கேமரா வாங்கலாம் என்கிறான் ஒருவன். லைட் வாங்கலாம் என்கிறான் இன்னொருவன். நீங்கள் சொல்லுங்கள்.

மாடிவீட்டு_மைக்

கேமராவை மறந்துவிடு தம்பி. ராயபுரத்தில் சர்ச் ஒன்றில் ஆறு வருடம் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தவன் சொல்கிறேன், படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரவென்று வந்தால் பத்து விநாடியில் கிளம்பிவிடுவார்கள். அதுவும் உன் நிகழ்ச்சியைப் பாதிப் பேர் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கத்தான் போகிறார்கள்.

வயர் வைத்த காலர் மைக் வாங்கு, ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். வயர்லெஸ் இப்போதைக்கு வேண்டாம், சார்ஜ் போட மறந்தால் அன்றைக்கு ஷூட்டிங்கே இல்லை. வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டு. வயரைச் சட்டைக்குள் ஒரு சுற்று விட்டு டேப் ஒட்டிவிடு, இல்லாவிட்டால் நீ அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் ஏறும்.

ரூம் எதிரொலிக்கு: தலைக்கு மேல் கொடிக்கயிறு கட்டிப் போர்வை போடு, நீ பார்த்துப் பேசுகிற சுவரில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வை. முட்டை ட்ரே ஒட்டாதே, பார்க்க ஸ்டுடியோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான் அதன் பலன். நடு ரூமில் நின்று ஒரு கைத்தட்டு. சத்தத்துக்கு வால் இருந்தால் இன்னொரு போர்வை. டப்பென்று அங்கேயே செத்து விழுந்தால் போதும்.

உதடும் குரலும் விலகியதற்குக் காரணம் உன் போன். போன் வீடியோ ஒரே சீரான ஃப்ரேம் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) எடுக்காது, வெளிச்சம் குறைந்தால் தானே குறைத்துக்கொள்ளும். தனியாக எடுத்த ஆடியோ சீராக ஓடும். இரண்டும் ஒரே தாளம் என்று நம்பி எடிட்டிங் மென்பொருள் அடுக்கும், நேரம் போகப் போக இடைவெளி பெரிதாகும். ஹேண்ட்பிரேக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் என்று வைத்து மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொண்டுபோ. ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஆரம்பத்தில் கேமரா முன்னால் ஒரு கைத்தட்டல், இரண்டையும் பொருத்த அது உதவும்.

அப்புறம் போன் கேமராவின் ஷட்டர் வேகத்தை விநாடியில் 50-இல் 1 என்று பூட்டிவிடு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், போன் தன் இஷ்டத்துக்கு 60-இல் 1 என்று போனால் டியூப்லைட் வெளிச்சத்தில் திரை முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். லைட் தனியாக வேண்டாம், காலையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்.

வியாசை_லினக்ஸ்

மைக் அண்ணன் சொன்னதை அப்படியே செய். என் பங்குக்கு அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றி. எடிட்டே பண்ணாதே!

ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளைப் போடு. இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். நாலு சீன் வை: முகம் மட்டும், திரை மட்டும், திரையோடு மூலையில் முகம், தலைப்பு அட்டை. நாலுக்கும் கீபோர்டு நம்பர் பேடில் ஒவ்வொரு எண். பேசுகிறவன் பேசட்டும், பக்கத்தில் இருப்பவன் எண்ணை அழுத்தி மாற்றிக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு செய்தியும் தனி ஃபைல். உளறினால் அந்த ஒரு செய்தியை மட்டும் திரும்ப எடு. கடைசியில் மூன்று ஃபைலை ஒட்டி, சத்தத்தைச் சமப்படுத்தி, ஏற்றிவிடு. யூடியூப் -14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் கத்துகிற வீடியோவைத் தானே குறைத்துவிடும், ஆனால் மெதுவாக இருப்பதை உயர்த்தித் தராது, அதனால் நீயே அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடு.

முக்கியமானது: ரெக்கார்டிங்கை எம்கேவி வடிவத்தில் வை. எம்பி4-இல் எடுக்கும்போது கரண்ட் போனால் மொத்த ஃபைலும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் கரண்ட் போன விநாடி வரைக்கும் மிச்சமாகும். முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் கொடுத்தால் எம்பி4 வந்துவிடும். நம்ம ஏரியாவில் இது எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு பெரிய விஷயம்தான், ஆனால் நீ லினக்ஸ் என்றால் அதில் எச்264 என்ற பரவலான வடிவத்தில் உள்ள வீடியோவைத் திறக்க முடியாது. அப்போது கேடென்லைவ் என்ற எடிட்டர். இன்னொன்று, சில எடிட்டிங் மென்பொருளில் தமிழ் எழுதினால் கொம்பு இடம் மாறிப்போய் உட்காரும், 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். தலைப்பு அட்டையை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து படமாக எடுத்து வைத்துக்கொள், தலைவலி இல்லை.

திரையில் கோடு காட்டும்போது எட்டு வரிக்கு மேல் போகாதே. பார்க்கிறவன் கையில் இருப்பது ஆறங்குல போன்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

எல்லோரும் மைக், மெத்தை என்று பேசுகிறீர்கள். நான் இதே மாதிரி ஒன்று நடத்தி 11-ஆவது எபிசோடில் மூடியவன். மூடியதற்குக் காரணம் மைக் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்கும். ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியாகத் திறந்து வைப்பேன், வெள்ளிக்குள் பிரவுசரில் நாற்பது டேப். ஒன்றையும் மூட மனசு வராது. பத்து நிமிடத்தில் ஒன்பது செய்தி சொல்வேன், ஒன்றுக்கும் எலும்பு சதை இருக்காது, தலைப்புச் செய்தி வாசிக்கிற மாதிரி ஓடும். அதற்கு முழு சனிக்கிழமை. ஞாயிறு எடிட். அக்கா கல்யாணம் வந்தது, ஒரு வாரம் விட்டேன். அடுத்த வாரமும் விட்டேன். அப்புறம் அதைத் திறந்து பார்க்கவே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உன் 8,000 ரூபாய் போதும், மிச்சம்கூட ஆகும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுப்பாய் என்று முதலில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். என்னைக் கேட்டால் ஒரு பெரிய செய்தி, இரண்டு சின்னது, அவ்வளவுதான். எட்டு எபிசோடு என்று முன்னாலேயே அறிவித்துவிட்டு எட்டோடு ஒரு மாதம் நிறுத்து. நானாக நிறுத்தியிருந்தால் திரும்ப ஆரம்பித்திருப்பேன்.

இன்னும் ஒன்று. மூன்று பேரும் அவரவர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நான் நான்காவது எபிசோடில் "எங்கள் டீமில் போன மாதம் இப்படி ஆனது" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை மேனேஜர் ரூமில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

கொருக்குப்பேட்டை_கேட்

எக்ஸ்பிரஸ் அண்ணே, அந்த நாற்பது டேப் இப்போதே என்னிடம் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? என்றைக்கு எடுத்தால் செய்தி பழசாகாமல் இருக்கும்?

பெரம்பூர்_பேட்ச்

நான் பார்க்கும் வேலையே பேட்ச் போடுவதுதான், அதாவது மென்பொருள் ஓட்டையை அடைப்பது, அதனால் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பாதிச் செய்தி முன்கூட்டியே தேதி குறித்துத்தான் வருகிறது தம்பி. ரஸ்ட் மொழி ஆறு வாரத்துக்கு ஒருமுறை. கோ மொழி பிப்ரவரி, ஆகஸ்ட். ஜாவா மார்ச், செப்டம்பர். உபுண்டு லினக்ஸ் ஏப்ரல், அக்டோபர். பைத்தான் வருடம் ஒன்று, அக்டோபரில். லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒன்பது பத்து வாரத்துக்கு ஒன்று, அதுவும் பெரும்பாலும் ஞாயிறு, நமக்குத் தெரியும்போது திங்கள் விடிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் பேட்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய், நம் ஊரில் இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் சின்னப் பதிப்புகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில். இதையெல்லாம் காலண்டரில் குறித்துவிட்டால் பல வாரங்களுக்கு ஒரு செய்தியாவது கையில் இருக்கும், அதற்கு ஸ்கிரிப்டும் முதல் வாரமே எழுதிவிடலாம். மாற்றங்களை முன்னோட்டப் பதிப்பிலேயே பார்த்துவிட முடியும்.

தேதி குறிக்காமல் வருவது பாதுகாப்பு ஓட்டை. அதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். 2024 செப்டம்பரில் என்ன ஆனது என்று நினைவிருக்கிறதா? எல்லா லினக்ஸையும் வெளியிலிருந்தே பிடித்துவிடலாம், 10-க்கு 9.9 மதிப்பெண் உள்ள ஓட்டை என்று ஒருவர் முன்னோட்டம் விட்டார், இணையம் முழுக்கக் கூப்பாடு. மூன்று நாளில் விவரம் வெளிவந்தது: பிரிண்டர் வேலையைப் பார்க்கும் கப்ஸ் மென்பொருள். 631-ஆம் போர்ட் (நெட்வொர்க் வாசல்) வெளியே திறந்திருக்க வேண்டும், அதற்கு மேல் அந்தப் போலி பிரிண்டருக்கு யாராவது பிரிண்ட் கொடுக்கவும் வேண்டும். ஓட்டை நிஜம்தான், சரி செய்ய வேண்டியதுதான், ஆனால் முதல் நாள் கத்தியவர்கள் எல்லோரும் கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை வருவது உனக்குக் குறை இல்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துப் பேச முடிகிற வசதி தினசரி கத்துகிறவனுக்குக் கிடையாது.

ஆகவே வெள்ளி இரவு ஸ்கிரிப்ட் பூட்டு, சனி காலை ரெக்கார்டிங், ஞாயிறு காலை வெளியீடு. செய்தியை இன்னொரு யூடியூப்காரரிடமிருந்து எடுக்காதே. ரிலீஸ் நோட்ஸ், அந்த புராஜெக்டின் மெயில், சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்) பக்கம், இவற்றை நீயே படித்துவிட்டுப் பேசு.

காசிமேடு_கம்பைலர்

நான் மூன்றாம் வருடம் படிக்கிறேன் அண்ணா, நீங்க எடுக்கப்போவது எங்களுக்குத்தான் என்பதால் சொல்கிறேன். செய்தி வாசிக்காதீங்க. "இந்தப் பதிப்பில் பதினான்கு புது அம்சங்கள்" என்று ஆரம்பித்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவேன். எங்க சீனியர் ஒருத்தர் எக்ஸ்இசட் விஷயத்தைச் சொன்ன விதம் இன்னும் மறக்கவில்லை. ஒருத்தர் போஸ்ட்கிரஸ் வேகத்தை அளந்துகொண்டு இருக்கிறார், எஸ்எஸ்எச் லாகின் (தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) அரை விநாடி தாமதமாகிறது, அந்த அரை விநாடி ஏன் என்று நோண்டுகிறார். நோண்டினால், லினக்ஸில் பல இடத்தில் இருக்கும், ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்குள் யாரோ பின்கதவு வைத்திருக்கிறார்கள். வைத்தவர் அந்த புராஜெக்டில் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை பார்த்து நம்பிக்கை வாங்கியவர். பூட்டு ரிப்பேர் பண்ண வந்தவனே ஒரு சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட மாதிரி. இதில் எனக்கு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் பெயரும், 2024 மார்ச் 29 என்ற தேதியும் தானாக மனசில் நின்றுவிட்டது. பதிப்பு எண் 5.6.0, 5.6.1 கூட.

தண்டையார்பேட்டை_தமிழ்

நல்ல முயற்சி. ஒரே ஒரு குறை. தமிழில் நிகழ்ச்சி என்கிறீர்கள், இந்த இழையிலேயே லைப்ரரி, பேட்ச், ரிலீஸ். நிரலகம், ஒட்டு, வெளியீடு என்று சொல்லலாமே. வழு (பக்), களஞ்சியம் (ரெப்போ, கோடு சேமிக்கும் இடம்), கட்டற்ற மென்பொருள், மூலநிரல் எல்லாம் பல வருடமாகப் புழக்கத்தில் உள்ள சொற்கள்தான். கணியம் இதழைப் புரட்டிப் பாருங்கள், முழுக் கட்டுரையே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

வியாசை_லினக்ஸ்

ஐயா, எழுதும்போது நானும் களஞ்சியம் என்றுதான் எழுதுகிறேன். டீக்கடையில் நின்று "களஞ்சியத்தில் உன் கிளையை இணைத்துவிட்டாயா" என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் ரேஷன் அரிசி பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார்.

தண்டையார்பேட்டை_தமிழ்

சிரிக்கலாம். 'கணினி' என்ற சொல்லைக் கேட்டும் ஒரு காலத்தில் சிரித்தார்கள், இன்றைக்குப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் எந்தச் சொல்லும் பழகாது.

காசிமேடு_கம்பைலர்

இரண்டு பேரும் சொல்வது சரிதான். வாயால் ரெப்போ என்று சொல்லுங்க, அதே நேரம் திரையில் கீழே 'களஞ்சியம்' என்று வரட்டும். நாலு வாரம் பார்த்தால் எங்களுக்கே பழகிடும். எக்ஸாமுக்கு ஆகாது, அது வேற விஷயம்.

தண்டையார்பேட்டை_தமிழ்

இது ஏற்கத்தக்கது. அட்டைக்கான சொற்களை நான் ஒவ்வொரு வெள்ளியும் பார்த்துத் தருகிறேன், அனுப்புங்கள்.

கொருக்குப்பேட்டை_கேட்

நடுவில் ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும். நாலு எபிசோடு வெளியே விட்டாகிவிட்டது. கணக்கு: காலர் மைக் 850, போன் மாட்டும் ஸ்டாண்டு 600, நம்பர் பேடு 400, கொடிக்கயிறு, டேப், கிளிப் 130. மெத்தை ஆயாவுடையது, வாடகையாக வாரம் நூறு கிராம் மிக்சர் கேட்கிறது. மீதிப் பணத்தில் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டோம். வாங்கிய மூன்றாவது நாளே, அப்லோடு 70 சதவீதத்தில் இருந்தபோது கரண்ட் போனது. சாமி கும்பிடத் தோன்றியது.

சனி காலை ரெக்கார்டிங் என்று பேட்ச் அக்கா சொன்னது சரியான முடிவு. முதலில் ஞாயிறு வைத்திருந்தோம், ஆடி பிறந்ததும் தெரு முனை அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள், கூழ் ஊற்றி முடிக்கிற வரைக்கும் ஈஸ்வரியம்மா குரலுக்கு மேல் நான் கத்தினால்தான் உண்டு. இப்போது சனிக்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்கு ஆரம்பித்து ஆறுக்குள் முடிக்கிறோம். தண்ணி லாரி வருவதற்கு முன்னால். ஜன்னல் வெளிச்சம்தான் அந்த நேரத்தில் கிடையாது, பழைய டியூப்லைட்டைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். ஷட்டர் 50-இல் 1, பட்டை ஓடவில்லை மைக் அண்ணே.

கூட்ஸ் வண்டியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. லோக்கல் டிரெயினுக்கு நேரம் உண்டு, கூட்ஸுக்குக் கிடையாது. கேட் மணி கேட்டால் அப்படியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கடைசிப் பெட்டி போனதும் அந்த வாக்கியத்தைத் திரும்ப முதலிலிருந்து.

இரண்டு சொதப்பல். இரண்டாவது எபிசோடில் டெர்மினல் காட்டும்போது மேல் அம்பை அழுத்தினேன், பழைய கட்டளை ஒன்று வந்தது, அதில் என் சொந்த புராஜெக்டின் டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரி ரகசியச் சாவி) முழுசாக. வீடியோ வெளியேறி ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் கமெண்டில் "அண்ணா 4:12" என்று மட்டும் போட்டான். டோக்கனை ரத்து செய்து, வீடியோவை இறக்கி, திரும்ப ஏற்றினோம்.

மூன்றாவதில் லைசென்ஸ் மாற்றங்கள் பற்றிப் பேசினோம். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டி என்ற திறந்த மூல லைசென்ஸை விட்டது, சில நாளில் அதன் பழைய கோடிலிருந்து பிரிந்து வால்கீ என்ற கிளை லினக்ஸ் ஃபவுண்டேஷன் பக்கம் பிறந்தது, இதெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, "அத்தோடு ரெடிஸ் திறந்த மூலம் இல்லாமல் போய்விட்டது" என்று முடித்துவிட்டேன். 2025 மே மாதம் எட்டாம் பதிப்போடு ஏஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸில் திரும்ப வந்ததை விட்டுவிட்டேன். ஒருவர் கமெண்டில் கிழித்துவிட்டார்.

வியாசை_லினக்ஸ்

டோக்கனுக்கு: லேப்டாப்பில் ரெக்கார்டிங்குக்கு என்றே தனி யூசர் வை. ஹிஸ்டரி காலி, சாவி எதுவும் இல்லை, நோட்டிபிகேஷன் அணைத்தது, எழுத்து அளவு 24. ரெக்கார்டிங் நேரத்தில் வேறு எதிலும் லாகின் ஆகாதே.

பெரம்பூர்_பேட்ச்

ரெடிஸ் தவறை அழிக்காதே. முதல் கமெண்டாக ஒட்டி வை, அடுத்த எபிசோடு தொடக்கத்தில் பதினைந்து விநாடி நேராகச் சொல்லிவிட்டுப் போ. ஸ்கிரிப்ட் பூட்டும் முன்னால் ஒவ்வொரு செய்திக்கும் "இதற்கு அப்புறம் என்ன ஆனது" என்று ஒரு தடவை தேடு. பழைய கதையில்தான் சறுக்கும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

காசு பற்றிக் கேட்பாய் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை, சந்தோஷம். கேட்டாலும் பதில் இதுதான்: விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரம். பத்து நிமிட வீடியோவை 24,000 தடவை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். நான் 11 எபிசோடில் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது இப்போது?

கொருக்குப்பேட்டை_கேட்

மூன்று பேருக்கும் சேர்த்து ஏழு. படிப்பது, எழுதுவது மட்டும் நாலு. எடிட் முப்பத்தைந்து நிமிடம். எட்டோடு நிறுத்துவதாக முதல் எபிசோடிலேயே சொல்லிவிட்டோம் அண்ணே.

போன வாரம் ஒரு கூட்ஸ் ஹாரனை வெட்டாமல் விட்டுவிட்டோம், ஆறு மணி ஆகப்போகிறது, திரும்ப எடுக்க நேரமில்லை. "இது நம்ம கொருக்குப்பேட்டை கேட்தானே" என்று பத்துப் பதினைந்து கமெண்ட். கோ புதுப் பதிப்பைப் பற்றி ஒரே ஒரு கமெண்ட்.

மாடிவீட்டு_மைக்

ஹாரனை விடலாம். நாலாவது எபிசோடில் உன் குரலுக்குப் பின்னால் ஃபேன் ஓடுகிறது, அதை விட முடியாது. வேகத்தைக் குறைத்தால் போகாது, அணைக்கத்தான் வேண்டும். வேர்க்கட்டும். சனிக்கிழமை நாலரைக்கு நானே வருகிறேன், இன்னொரு மெத்தை எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா உன் வீடு?

கொருக்குப்பேட்டை_கேட்

இந்தப் பக்கம் அண்ணே. கேட் போட்டிருந்தால் போன் பண்ணுங்க, மெத்தையைத் தூக்க ஆள் அனுப்புகிறேன்.